கனாரக்கா

அக்கா என்னை அறைந்ததில்தான் எங்கள் பழக்கமே ஆரம்பித்தது. மீன் வெட்டிய ஈரக் கை. கன்னத்தில் கொடுவாச் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டதை வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்துத்தான் எடுத்தேன்.

அப்போது நான் முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ் கடை போட்டுப் பத்து நாள்கூட ஆகியிருக்காது. எதிர்ச் சாரியில், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டு வாசலில் அக்கா மீன் விற்பார். கேட்டால் வெட்டியும் கொடுப்பார். ஒரு அடிமரம், அகலமான கத்தி, பெரிய மீனாக இருந்தால் கத்தியின் முதுகில் போடுவதற்கு ஒரு கட்டை. அவ்வளவுதான் கடை. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அன்று மீன் வாங்கும்போது பேச்சுவாக்கில், மாடி வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கும் டீச்சரைப் பார்க்க யார் யாரோ வந்துபோவதாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் விழுந்தது.

"நீ பாத்தியா?"

"இல்லக்கா... சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"டீக்கடையில."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் சட்டைக் காலரைப் பிடித்து டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். டீக்கடைக்காரர் மளிகைக் கடையைக் கை காட்டினார். மளிகைக் கடைக்காரர் இஸ்திரி போடுகிறவரைக் காட்டினார். அவர், கேபிள் கனெக்‌ஷன் கொடுக்க வருகிறவனைச் சொன்னார். அவனைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, "நான் இந்தத் தெரு டீச்சரச் சொல்லலியே, அது வேற எங்கயோ" என்று சிரித்தான். சிரிப்பு முடியவில்லை, மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "கனாரு" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்துக்கொண்டேன்.

தெருவில் யாரும் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் கனாரக்கா.

அந்தச் சொல் அவருக்கு ஒரு சொல்தா வீட்டில் கிடைத்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அப்படி ஒரு கிழவர் வீட்டில் அக்கா பல வருஷம் சமையல் செய்திருக்கிறார். அந்தக் கிழவர் டீவியில் செய்தி ஓடும்போது திடீர் திடீரென்று "கனார்! கனார்!" என்று கத்துவாராம். தன்னைத்தான் திட்டுகிறார் என்று எண்ணி அக்கா ஒருநாள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க, கிழவர் பயந்துபோய் விளக்கம் சொல்லியிருக்கிறார். கனார் என்றால் பிரெஞ்சில் வாத்து. புளுகுச் சேதிக்கும் அதுதான் பெயர்.

"வாத்துக்கும் புளுகுக்கும் இன்னா சம்மந்தம்னு கேட்டேன். ஒரு கதை சொன்னாரு" என்றார் அக்கா. அந்தக் கதையை ஒரு கொடுவா வெட்டி முடியும் நேரத்தில் எனக்குச் சொன்னார். "ஒருத்தன் இருவது வாத்து வச்சிருந்தானாம். ஒண்ண அறுத்து, றெக்கையோட எலும்போட பொடிசா நறுக்கி, மத்த பத்தொம்பதுக்கும் போட்டானாம். தின்னுட்டுதுங்க. அப்புறம் இன்னொண்ண அறுத்து பதினெட்டுக்கும் போட்டான். இப்படியே போய் கடைசியில ஒரே ஒரு வாத்து. அது வயித்துல பத்தொம்பது வாத்து! இத ஒரு பேப்பர்ல போட்டான். அந்த பேப்பரப் பாத்து இன்னொரு பேப்பர்காரன் போட்டான். ஊரு ஊரா, தேசம் தேசமா போச்சு. ஒருத்தனும் போயி அந்த வாத்தப் பாக்கல."

சொல்லும்போது கத்தி ஒவ்வொரு வாத்துக்கும் ஒரு முறை அடிமரத்தில் இறங்கியது.

பின்னொரு நாள் கடையில் வேலை இல்லாத மத்தியானத்தில் நான் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். ஆங்கிலத்திலும் அது இருக்கிறது. கெனார்ட் என்கிறார்கள், பிரெஞ்சுக்காரன் விழுங்கிவிடும் கடைசி எழுத்தை இவர்கள் உச்சரிக்கிறார்கள். பொருள் அதேதான், பொய்ச்சேதி. ஆனால் பிறந்த கதை வேறாக இருந்தது. பழைய பிரெஞ்சில் ஒருவனை ஏமாற்றுவதை 'வாத்தைப் பாதி விற்பது' என்பார்களாம். வாத்தைப் பாதி மட்டும் விற்பவன் உண்மையில் எதையும் விற்கவில்லை என்று அர்த்தம். சொல் அங்கிருந்து வந்தது. இருபது வாத்துக் கதை பிற்பாடு யாரோ கட்டியது. போய்ச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. கத்தியை நிறுத்தினார்.

"அப்ப கனாருக்குச் சொன்ன கதையே கனாரா?"

அன்று முழுக்க ஏமாந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

எதையும் போய்ப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. ஒருமுறை காலையில், கடல் ஊருக்குள் வருகிறது என்று ஒரு சத்தம். முன்பு ஒருமுறை வந்த கடல்தானே. நினைப்பு எல்லோருக்கும் இருந்தது. தெருவே மேற்கே ஓடியது. நானும் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினேன். முனையில் ஸ்கூட்டரும் ஆட்டோவும் முட்டிக்கொண்டு, விழுந்தவர்கள் மேல் ஏறி மிதித்துப் போனார்கள். பூக்காரம்மாவின் முழங்கை எலும்பு வெளியே தெரிந்தது. அந்தக் கையோடு ஒருவர் சட்டையைப் பற்றிக்கொண்டு கதறினார், அந்த ஆள் உதறிவிட்டு ஓடினார். அத்தனை பேரும் வந்த திசைக்கு எதிராக ஒரே ஒரு ஆள் போனது. கையில் கத்தியோடு, இடுப்பில் செருகிய சேலையோடு, கிழக்கே. அரை மணியில் திரும்பி வந்தார்.

"போய்ப் பாத்தேன். கடல் அங்கயேதான் கெடக்குது."

பிறகு தன் சேலையைக் கிழித்துப் பூக்காரம்மாவுக்குக் கட்டுப் போட்டார்.

ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. அவராக ஒருநாள் சொன்னார், சொல்லும்போது மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பிறந்த ஊர் கனகசெட்டிக்குளம். அங்கே ஒரு தங்கை இருந்தாள். தங்கை புருஷன் நாலு நாள் கடலுக்குப் போய்விட்டுக் கரை இறங்கியபோது, வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், "உன் வீட்டுப் பக்கம் புது பைக் ஒண்ணு நிக்குதாமே" என்றான். புருஷன் நேரே வீட்டுக்குப் போனான். தங்கை சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஒரே வெட்டு, கழுத்தில். பைக், கேஸ் சிலிண்டர் புத்தகம் மாற்ற வந்தவனுடையது. நின்றதும் பக்கத்து வீட்டு வாசலில்.

"கஞ்சித் தண்ணியில ரத்தம் கலந்து வாசப்படி வரைக்கும் ஓடி வந்துது. நான் அத மிதிச்சிக்கினுதான் உள்ள போனேன்" என்றார். "அவன் கேக்கல. 'நீ பாத்தியா'ன்னு அந்த ஆளக் கேட்டிருந்தா போதும்."

இனி நான் சொல்ல வேண்டியது என்னைப் பற்றியும்தான்.

பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற சேதி எங்கள் ஊரில் பரவிய சமயம். வடக்கேயிருந்து ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள், சாக்குப் பையோடு திரிகிறார்கள், பெண் பிள்ளைகளைக் கொண்டுபோய் உறுப்புகளை எடுக்கிறார்கள் என்று தினம் ஒன்று வாட்ஸப்பில் வரும். அது வெறும் கெனார்ட் என்று போலீஸ் சொன்னதாக ஆங்கிலப் பேப்பரில் வந்திருந்தது. அந்த வரியை நானே அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "பாரு, நம்ம வார்த்தைய போலீசும் கத்துக்கிச்சு" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம் என் மச்சான் ஒரு சேதி அனுப்பினான். முத்தியால்பேட்டையில் காலையிலிருந்து ஒரு பெண் குழந்தையைக் காணவில்லை, சாக்குப் பை வைத்திருக்கும் ஆள் ஒருவன் சுற்றுகிறான், ஜாக்கிரதை என்று. கூடவே ஒரு குழந்தையின் படம். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. நான் யோசிக்கவில்லை. எங்கள் தெரு குரூப்பில் போட்டேன். 'நம்ம ஏரியாதான், உண்மை' என்று என் கையால் ஒரு வரியும் சேர்த்தேன்.

அன்று சாயங்காலம் நாலு மணி, பள்ளிக்கூடம் விடுகிற நேரம். உதிர்ந்த தலைமுடியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் கிண்ணம் கொடுக்கிறவர்கள் உண்டல்லவா, அப்படி ஒருவர் தோளில் சாக்கோடு எங்கள் தெருவுக்குள் வந்தார். நாற்பது வயது இருக்கும். எங்கள் தெருவுக்குப் புதியவர். பெட்டிக்கடை வாசலில் நின்ற இரண்டு பேர் வழிமறித்துச் சாக்கைக் காட்டச் சொன்னார்கள். அவர் பயந்து பின்வாங்க, ஒருவன் பிடித்து இழுக்க, சாக்கு கிழிந்தது. தரையில் முடி கொட்டியது. கறுப்பாக, நீளமாக, குவியலாக.

"பொம்பளப் புள்ளைங்க முடிடா!" என்று யாரோ அலறினார்கள்.

அக்கா கையில் கட்டையோடு எழுந்து வந்து அந்தக் குவியலைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கடை வாசலிலிருந்து பார்த்தேன். இந்த முறை யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, கண்ணெதிரே கிடந்தது. கட்டை அந்த ஆளின் வாயில் இறங்கியது. சத்தம் தெருவின் இந்தப் பக்கம் வரை கேட்டது.

முதல் அடி அக்காவுடையது.

அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. டீக்கடைக்காரர் விறகுக் கட்டையால் அடித்தார். இஸ்திரிக்காரர் காலால் மிதித்தார். கேபிள்காரன் வண்டியிலிருந்து இரும்புக் குழாயை உருவிக்கொண்டு வந்தான். அந்த ஆள் இரண்டு கையையும் கூப்பியபடி எதையோ திரும்பத் திரும்பச் சொன்னார். ரத்தமும் பல்லும் வந்ததே தவிரச் சொல் வரவில்லை.

"இந்திடா! இந்தி பேசுறான்!" என்று கத்தினார்கள். இன்னும் வேகமாக அடித்தார்கள்.

அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். முடியைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து பந்தாகச் சுருட்டிய, சீப்பில் உதிர்ந்த முடி. நடுவில் வெள்ளையும் இருந்தது.

"டேய் நிறுத்துங்கடா!" அக்காவின் அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. "நரமுடிடா இது! எந்தப் புள்ளைக்குடா நரச்சிருக்கும்? யாரு வீட்டுப் புள்ளடா காணாமப் போச்சு? பெத்தவள வரச் சொல்லு! எவடா அவ?"

எந்தப் பெற்றவளும் வரவில்லை. காணாமல் போன குழந்தையே இல்லை. அடியும் நிற்கவில்லை. அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அந்த ஆள் மேல் குப்புற விழுந்தார். குழாய் இரண்டு முறை அவர் முதுகில் விழுந்தது, மூன்றாவது முறை கையில். எலும்பு முறிந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

நான் கடை வாசலிலேயே நின்றிருந்தேன். யாரையும் தொடவில்லை. கையில் போன் இருந்தது. என் சேதியை அழிக்க முயன்றுகொண்டிருந்தேன். நேரம் கடந்துவிட்டதால் என் போனில் மட்டும் அழிந்தது, மற்றவர்கள் போனில் இருந்தது.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் அந்த ஆள் மூன்றாம் நாள் இறந்துபோனார். இந்திக்காரர் இல்லை. விழுப்புரம் தாண்டி ஒரு கிராமம். நம்மைப் போலத்தான் தமிழ் பேசுவார். தாடை இரண்டாக உடைந்திருந்ததால்தான் பேச முடியவில்லை என்று டாக்டர் சொன்னார். பக்கத்து வார்டில் கையில் கட்டோடு படுத்திருந்த அக்கா அதைக் கேட்டார். அதன் பிறகு அன்று முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வெளியே அக்கா வீராங்கனை ஆகியிருந்தார். ஒற்றை ஆளாய் ஐம்பது பேரை எதிர்த்தார், கத்தியைச் சுழற்றிக் கூட்டத்தை விரட்டினார் என்று கதை பரவியது. சால்வையோடுகூட ஒரு கூட்டம் வந்தது. அக்கா அவர்களை வார்டுக்கு வெளியே நிற்க வைத்தார்.

"நான்தான் மொதல்ல அடிச்சேன். போங்க."

வாக்குமூலம் வாங்க இன்ஸ்பெக்டர் வந்தபோது நான் கட்டிலருகே இருந்தேன். அவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகச் சொன்னார். "அம்மா, சாவுக்குக் காரணம் மண்டையில பட்ட அடி. அது குழாய். நீங்க காப்பாத்தப் போனவங்க. உங்கள சாட்சியாப் போடுறேன். தேவயில்லாததச் சொல்லி நீங்களே மாட்டிக்காதீங்க."

"எழுதுங்க சார். கட்டையால வாயில அடிச்சது நான்."

"அது ஒரு அடிம்மா."

"அந்த அடி வுழலன்னா அவரு பேசியிருப்பாரு. 'நான் முடி வாங்குறவன், இன்ன ஊரு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பாரு. எவனாவது ஒருத்தன் காதுல வுழுந்திருக்கும். வாய அடச்சது நான்தான் சார். எழுதுங்க."

"யக்கா, வேணாங்க்கா" என்றேன் நான். திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுதினார். கை எலும்பு கூடியதும் டீக்கடைக்காரர், இஸ்திரிக்காரர், கேபிள்காரனோடு சேர்த்து அக்காவையும் காலாப்பட்டு ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். வீராங்கனை என்ற அதே வாய்கள், அவளுக்கும் பிள்ளை பிடிக்கிற கும்பலுக்கும் தொடர்பு, அதனால்தான் முதல் அடியிலேயே அவன் வாயை உடைத்தாள் என்று பேச ஆரம்பித்தன. அந்தப் பேச்சு என் கடை வாசலிலேயே நடக்கும். நான் காகிதம் அடுக்கிக்கொண்டிருப்பேன். சொன்னவன் சட்டையைப் பிடிக்க எனக்குக் கை எழவில்லை. சேதி எங்கிருந்து வந்தது என்று என்னை யாரும் கேட்கவும் இல்லை. எல்லோர் போனிலும்தான் இருந்தது.

ஜாமீனில் வந்த மறுநாள் காலை அக்கா என் கடைக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"அந்த ஆளோட பொண்டாட்டியப் பாக்கணும். வண்டிய எடு."

"வக்கீலு கூடாதுன்னுதான் சொல்லுவாருக்கா."

"வண்டிய எடுடா."

விழுப்புரம் தாண்டி, கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. சின்ன ஓட்டு வீடு. சுள்ளென்ற வெயில். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து ஒரு மூட்டை முடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கணவன் தொழிலை அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. அக்கா உட்காரவில்லை. நின்றபடியே, தான் யார், தான் செய்தது என்ன என்று சொன்னார். கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அந்தப் பெண் சிக்கெடுப்பதை நிறுத்தினார். பிறகு கேட்டார்: "கடைசியா அவரு இன்னா சொன்னாரு?"

உங்கள் பெயரைச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைகளைக் கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அக்கா சொன்னார்: "ரொம்ப நேரம் என்னமோ சொன்னாரும்மா. கைய எடுத்துக் கும்பிட்டு கும்பிட்டுச் சொன்னாரு. புரியல. அந்த வாயத்தான் நான் ஒடச்சிட்டேனே."

அந்தப் பெண் எழுந்தார். கையில் இருந்த இரும்புச் சீப்பாலேயே அடித்தார். நெற்றி கிழிந்தது, கன்னம் கிழிந்தது. நான் நடுவில் போனேன். "நவுரு" என்று அக்கா முழங்கையால் என்னைத் தள்ளினார். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியும் கையைத் தூக்கி மறைக்கவில்லை. ஓய்ந்துபோய் அந்தப் பெண்ணே சீப்பை எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"வேற யாரு யாரு?" என்றார். "கூட்டம் அடிச்சுதுன்னாங்க. கூட்டம்னா யாரு? ஒருத்தரும் எனக்குப் பேரு சொல்லல."

அக்கா எதிரே உட்கார்ந்தார். தான் பார்த்தவர்களை ஒவ்வொருவராகச் சொன்னார். பெயர், செய்கிற தொழில், எதைக் கொண்டு அடித்தார்கள், எங்கே அடித்தார்கள். சந்தேகமாக இருந்த ஒருவனை, "அவன் இருந்தான், அடிச்சத நான் பாக்கல" என்று பிரித்துச் சொன்னார். முகத்திலிருந்து சொட்டிய ரத்தத்தை அந்தப் பெண்ணும் துடைக்கச் சொல்லவில்லை, அவரும் துடைக்கவில்லை. ஏழு பெயர் முடிந்தது.

பிறகு அக்கா தலையைத் திருப்பாமல், கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

"இவன் அடிக்கல. புள்ள காணோம்னு எங்க தெருவுக்குச் சேதி அனுப்புனது இவன். உண்மன்னு எழுதி அனுப்புனான். ஆஸ்பத்திரியில என் மருமவ போன்ல நான் பாத்தேன்."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார். மச்சான்தான் எனக்கு அனுப்பினான் என்று வாய் வரை வந்தது. எல்லோரும்தான் அனுப்பினார்கள் என்றும் வந்தது.

"ஆமாங்க. நான்தான்" என்றேன்.